குடுமி நானா விட்டுவைத்த புல்

திருகோணமலையில் புல் வெட்டத் தெரியாமலே புல் வெட்டிப் பிழைத்த ஒரே மனிதர் எங்கள் குடுமி நானாதான். ஆளுக்குத் தலையில் ஒரு மயிர் கிடையாது. குடுமியெல்லாம் அவர் வெட்டிய புல்வெளியில்தான்.

ஓர்ஸ் ஹில் அடிவாரத்தில் எங்கள் அலுவலகம். பின்னால் வாய்க்கால்வரை பெரிய புல்வெளி. மாரி மழைக்குப் புல் இடுப்பளவு வளர்ந்ததும் கிண்ணியாவிலிருந்து நானா மெஷினோடு வந்து இறங்குவார். அவர் வெட்டி முடித்த புல்வெளி, பாதிச் சவரத்தில் எழுந்து ஓடியவன் முகம் மாதிரி இருக்கும். அங்கங்கே ஒரு குத்துப் புல் குடுமி மாதிரி அப்படியே நிற்கும்.

எங்கள் அலுவலகப் பெரியவருக்குப் பாம்பென்றால் பயம். கதிரையில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் கையெழுத்தே போடுவார்.

"என்ன நானா, அங்கங்க விட்டிருக்கிறீங்கள்?"

"உள்ளுக்குக் காட்டுத்தாரா அடைகிடக்குது சேர். புள்ளப்பெத்த வீட்டுக்குள்ள மெஷின ஓட்ட ஏலுமா?"

பின்னேரம் அங்கே நாங்கள் ஆடும் கிரிக்கெட்டிலும் இதே கதை. பந்து குடுமிக்குள் போனால் நானா கையை விரித்து மறித்துக்கொண்டு நிற்பார்.

"வேற பந்து வாங்குங்கோ தம்பி. அதையும் சேர்த்து அடைகாக்கட்டும்."

நாங்கள் தோற்ற ஆட்டங்களுக்கெல்லாம் அந்தத் தாரா வாத்துகள்தான் காரணம் என்று இன்றும் அடித்துச் சொல்வேன்.

ஆனால் அந்தக் குடுமிகளிலிருந்து ஒரு குஞ்சும் வெளியே வந்ததில்லை. வேலையில்லாத நாளிலும் நானா பஸ் ஏறி வந்து பார்ப்பார். உடைந்த முட்டைக் கோதுதான் கிடக்கும். அடுத்த மாரியில் குடுமியை இன்னும் பெரிதாக விடுவார். அப்போதும் கோதுதான்.

ஒரு மத்தியானம் நாங்கள் இருவரும் வேலியோரம் நின்றிருந்தோம். ஒரு கீரி வந்தது. வெட்டிய இடத்தைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேரே முதல் குடுமிக்குள் புகுந்தது, வாயைத் துடைக்காத குறையாக வெளியே வந்தது, அடுத்த குடுமிக்குப் போனது. நான் கல்லோடு ஓடிப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நானா நிலத்தில் குந்திவிட்டார்.

"தேடித் திரிஞ்சதுகளுக்கு நானெல்லோ வீட்டக் காட்டிக் குடுத்திட்டன் தம்பி."

அன்றே பெரியவரிடம் போய், வாய்க்கால் பக்கத்தையாவது முழுசாக வெட்டாமல் விடச் சொல்லிக் கெஞ்சினார்.

"பாம்பு கடிச்சா நீங்களா பொறுப்பு? ஏலாது!"

அடுத்த மாரியில் நானா ஒரு குடுமிகூட விடாமல் ஒட்ட வெட்டினார். "நம்பி வந்து ஏமாறுறதவிட, வராமலே போகட்டும்," என்றார். தாராக்கள் விசிலடித்தபடி மேலே சுற்றிவிட்டுக் கந்தளாய்ப் பக்கம் போயின. பெரியவர் முதல்முறையாக அவருடைய வேலையைப் பாராட்டினார். நானா தேத்தண்ணிகூடக் குடிக்காமல் பஸ் ஏறினார்.

போன வருடம் மாரி தொடங்கமுன், நெஞ்சுவலியில் நானா மௌத்தாகிவிட்டார். அடக்கத்துக்குக் கிண்ணியா போய் வந்தோம். வேறு ஆள் பிடிப்பதற்குள் மழை இறங்கிவிட்டது. வேலியிலிருந்து வாய்க்கால்வரை ஒரே புல். எங்கே தேடுவதென்று எந்தக் கீரிக்கும் தெரிந்திருக்காது.

ஒரு காலை, பெரியவரின் கார் வாசலில் சடக்கென்று நின்றது. முன்னால் ஒரு காட்டுத்தாரா. பின்னால் குஞ்சுகள், ஒன்றையொன்று இடித்துக்கொண்டு, வாய்க்காலை நோக்கி. பெரியவர் பாம்பை மறந்து புல்லுக்குள் இறங்கி நின்றார்.

"கெதியா நானாவுக்கு ஒரு போன் கோல் எடுங்கோ," என்றார் மெதுவாக.

நானும் போனை எடுத்து, 'குடுமி நானா' என்ற பெயர்வரை போய்விட்டேன்.