ஹாலுக்குள் ஒரு குடை

பாட்டை வெட்டியதும் அப்பாவுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது.

நிஜ அப்பா இல்லை, டிவி அப்பா. முப்பது வருடத்துக்கு முன்னால் வீட்டுக்கு வீடு சிரிக்க வைத்த ஒரு குடும்ப நகைச்சுவைத் தொடரின் அப்பா. இனிமேல் இந்த வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன் என்று மனைவியிடம் கத்திக்கொண்டிருந்தவர், அடுத்த விநாடி ஹாலுக்குள் விரித்த குடையின் அடியில் அதே மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் அணைத்துக்கொண்டு பல்லைக் காட்டினார். நடுவில் நான்கு நிமிடப் பாட்டு ஒன்று இருந்தது. அதைத்தான் கத்திரி வெட்டியிருந்தான்.

எடிட்டிங் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சேனலில் அவனுக்கு வைத்த பெயர் அது. சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது. பழைய தொடரை மறுபடி ஒளிபரப்பப் போகிறார்கள். இருபத்தாறு நிமிடத்தை இருபத்திரண்டாக்க வேண்டும்; மிச்சம் நான்கில் விளம்பரம். "பாட்டுதானேப்பா நாலு நிமிஷம், அதைத் தூக்கிடு" என்று மேலாளர் சுலபமாகச் சொல்லிவிட்டார். முதல் பகுதியை அன்று மாலை ஐந்து மணிக்குப் பார்ப்பாராம். பிடித்துப்போனால் வேலை நிரந்தரம். பிடிக்காவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய தேவையும் இல்லை.

பழைய டேப்புகளைத் தூக்கிக்கொண்டு வந்தவர் டேப் ரூம் பெரியவர். அந்தத் தொடர் எடுத்த காலத்தில் செட்டில் சாமான் எடுத்து வைத்தவர். பாட்டை எடுத்துவிட்டு விளம்பரம் போடப் போகிறோம் என்று கேட்டதும் அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஏன் என்று கேட்க அவனுக்கு நேரமில்லை.

உண்மையில் வெட்ட அவனுக்கு மனசே வரவில்லை. அதைக் கேட்டு வளர்ந்தவன். ஒவ்வொரு பகுதியிலும் சண்டை முற்றும்போது அப்பா போய்க் குடையை எடுத்து வருவார். ஹாலுக்குள் விரிப்பார். நால்வரும் அதனடியில் நின்று பாடுவார்கள்:

"கம்பி எட்டும் வளையாது,
காத்தடிச்சும் கிழியாது,
குடும்பம் மொத்தம் நின்னாலும்
ஒருத்தர் தோளும் நனையாது."

கத்திரியின் வீட்டில் இதுதான் சட்டம். யார்மேல் தப்போ அவர் குடையை ஹாலில் விரிக்க வேண்டும், மற்றவர் வந்து அடியில் நிற்க வேண்டும், அத்தோடு சண்டை தீர்ந்தது. கல்யாணமான மூன்று வருடத்தில் அவன் பதினொரு தடவை விரித்திருக்கிறான். மனைவி ஒரு தடவை. அதுவும் அன்றைக்குக் கூரை ஒழுகியதால்தான் என்று அவனுக்கு இன்னமும் சந்தேகம் உண்டு.

பாட்டை வெட்டச் சொல்லியிருப்பதை மதியம் போனில் அவளிடம் உளறிவிட்டான்.

"பாட்டை வெட்டிட்டு வீட்டுக்கு வாங்க. குடையை எங்கே ஒளிச்சு வெச்சேன்னு தேடிக்கிட்டே இருப்பீங்க" என்றாள்.

இப்போது பைத்தியக்கார அப்பாவை என்ன செய்வது? குடைக் காட்சியையும் வெட்டினான். உடனே அம்மா கண்ணைக் கசக்குவதோடு கதை முடிந்தது. அதன்மேல் பழைய சிரிப்புச் சத்தம் கொட்டியது. எட்டிப் பார்த்த ஒலிப்பதிவாளர், இது நகைச்சுவையா, விவாகரத்து வழக்கா என்று கேட்டுவிட்டுப் போனார்.

சரி, சண்டையையே எடுத்துவிடலாம். எடுத்தான். சண்டை போனதும், மகன் காரணமே இல்லாமல் பரணில் ஒளிந்திருந்தான். மகனை எடுத்தான். பரணைப் பார்த்து மகள் பேசிக்கொண்டிருந்தாள். மகளையும் எடுத்தான்.

மணி நாலரை. திரையில் ஓடியது ஒன்பது நிமிடம். அதில் அப்பா கதவைத் திறந்து வந்தார், சட்டையை மாட்டினார், உட்கார்ந்தார், எழுந்தார். அம்மா படியேறினார், இறங்கினார். ஒரு பொம்மலாட்டத்துக்குக்கூட இதைவிடக் கதை அதிகம் இருக்கும்.

கத்திரிக்கு அழுகை வந்தது. வேலை போய்விடும் என்று மட்டும் இல்லை, இவ்வளவு நல்ல குடும்பத்தைத் தன் கையாலேயே குலைத்துவிட்டோமே என்றும் இருந்தது. அப்புறம் ஒரு துணிச்சல். போகிறது போகட்டும் என்று எல்லாவற்றையும் பழையபடி சேர்த்தான். பாட்டைத் தொடவில்லை. அதற்குப் பதில் கதவு, சட்டை, படி, நீட்டி முழக்கிய சிரிப்பு என்று துண்டுதுண்டாகக் கிள்ளினான். நாலே முக்காலுக்கு மேல் மூச்சுவிட நேரமில்லை. கணக்குப் பார்த்தால் சரியாக இருபத்திரண்டு நிமிடம்.

மேலாளர் வந்து உட்கார்ந்தார். பாட்டு ஆரம்பித்ததும் புருவத்தை உயர்த்தினார். இரண்டாவது வரியில் கண்ணாடியைக் கழற்றினார். முடியும்போது மூக்கை உறிஞ்சினார்.

"நான் சொன்னதைக் கேட்காம விட்ட பாரு, அதுதான் நல்ல எடிட்டருக்கு அழகு" என்றார். எட்டுக் கம்பி என்றால் எட்டுத் திசை, துணி என்றால் தாய்ப்பாசம் என்று விளக்கம் வேறு சொன்னார். வேலை நிரந்தரம். அத்தனை பகுதியிலும் பாட்டு இருக்கும்.

கத்திரி மனைவிக்குச் செய்தி அனுப்பினான். குடையை வாசலிலேயே வைத்திருப்பதாக உடனே பதில் வந்தது. இந்த உலகத்தில் அவனுக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

மேலாளர் எழுந்து கடைசியாக ஒரு உத்தரவு போட்டார். "இந்தப் பாட்டுக்குப் பக்கத்துல ஒரு விளம்பரமும் வரக்கூடாது. இது குடும்பத்தோட ஆத்மா. அசிங்கமாயிடும்."

டேப்புகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்த பெரியவர் மறுபடி சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தக் காலத்துல இந்தத் தொடர்ல விளம்பரத்துக்குன்னு தனி நேரம் ஏது சார்? அந்தப் பாட்டுதான் குடைக் கம்பெனி விளம்பரம். மிச்ச நேரத்தை நிரப்பத்தான் ஒரு குடும்பத்தைப் புடிச்சுப் போட்டோம்."