தூத்துக்குடிக்குச் சொகுசா ஒரு பிக்கப் பயணம்

போன வாரம் தூத்துக்குடிக்குப் போயி, எங்க தெருவுல இருக்குற கெபிக்கு, அதான் சின்னக் கோயிலுக்கு, செஞ்சு வச்சிருந்த புது அந்தோணியார் சுரூபச் செலைய எடுத்துட்டு வர வேண்டியிருந்துச்சு. அம்புட்டுதான் வேலை. விடியங்காட்டி கெளம்புனா பொழுது சாயுறதுக்குள்ள ராயப்பன்பட்டி வந்துரலாம். மறுநாள் அந்தோணியார் திருநாளுக்குக் கொடியேத்தம்.

வண்டி எங்க மச்சான் லூர்துவோட பிக்கப். என் வீட்டுக்காரி ஸ்டெல்லாவுக்கு அண்ணன். தெராட்சைய ஏத்திக்கிட்டு ஊரு ஊராப் போறவரு. கூட எங்க இன்னாசி சித்தப்பா. கெபி வேலைக்கெல்லாம் அவருதான் தலைவரு. ஆளு நல்ல கனம். மூணு பேரு சீட்டுல அவரு உக்காந்தா மீதி ஒன்றரை ஆளுக்குத்தான் எடம். அதுல டிரைவருக்கு ஒன்னு போக, அந்த அரை ஆளு நான்.

நான் உத்தமபாளையத்துல ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன். நாள் பூரா சுத்துற நாக்காலியிலேயே வளந்த ஒடம்பு. பிக்கப்புல நடு சீட்டுன்னதும் முதுகு அப்பயே வலிக்க ஆரம்பிச்சிருச்சு.

சும்மா இருந்திருக்கலாம். சனியன், போன எடுத்து, பிக்கப்புல ரொம்பத் தூரம் சொகுசாப் போறது எப்புடின்னு தேடுனேன்.

வீடியோவுல ஒரு வெள்ளக்காரன் வந்தான். அவன் வண்டி எங்க வீட்டு ஹாலவிடப் பெருசு. சாஞ்சுக்கிட்டே காப்பி குடிக்கிறான். பின்னாடி காத்து மெத்தையில அவன் நாயி குறட்ட விட்டுத் தூங்குது.

அந்த நாயப் பாத்துப் பொறாமப்பட்டுத்தான் நான் கெட்டேன்.

ஜெல் குஷன் ஒன்னு, ஊதுற கழுத்துத் தலகாணி ஒன்னு, காத்து மெத்தை ஒன்னு. மூணையும் ஆன்லைன்ல ஆர்டர் போட்டேன். பார்சலப் பிரிச்சதும் ஸ்டெல்லா கேட்டா:

"தூத்துக்குடிக்குப் போறீகளா, பிரசவத்துக்குப் போறீகளா?"

"ஒனக்கென்னடி தெரியும்? இது எர்கோனாமிக்ஸ்!"

அப்புடின்னா என்னன்னு எனக்கும் தெரியாது. டப்பாவுல போட்டிருந்துச்சு.

கெளம்புனோம். குஷன் மேல உக்காந்ததும் நாலு விரக்கடை ஒசந்துட்டேன். ராசா மாதிரி இருந்துச்சு. சின்னமனூர் வர்ற வரைக்கும். அங்கன ஒரு வேகத்தடை. ணங்! மண்டை கூரையில.

"ஏலே அமலு, அதக் கழட்டிப் போட்டுட்டு உக்காருடா," சித்தப்பா சொன்னாரு.

"இல்ல சித்தப்பா, இது முதுகுத்தண்டுக்கு நல்லது."

"மண்டைக்கு?"

கேக்காத மாதிரி குஷன இன்னும் நல்லா இழுத்துப் போட்டுக்கிட்டேன். வீரபாண்டி தாண்டுறதுக்குள்ள உச்சந்தலையில மேடும் பள்ளமுமா ஒரு ரோடே போட்டாச்சு.

தேனியில கழுத்துத் தலகாணிய எடுத்தேன். கொஞ்சமா ஊதுனாப் போதுமாம். நான் காசு குடுத்து வாங்குனவன் இல்லையா? முழுசா ஊதிட்டேன். தலைய இங்கிட்டும் திருப்ப முடியல, அங்கிட்டும் திருப்ப முடியல. காவக்கார பொம்ம கணக்கா நேராப் பாத்துக்கிட்டே போறேன்.

ஆண்டிபட்டிக் கணவாய்ல வண்டி ஏறுது. சித்தப்பா என்னமோ கேட்டாரு. கழுத்து திரும்பாததால ஒடம்போட திரும்புனேன். முழங்கால் போயி கியர்ல இடிச்சிருச்சு. வண்டி நியூட்ரலுக்கு வந்து, பின்னாடி உருள ஆரம்பிச்சிருச்சு!

பின்னால வாழத்தார் லாரிக்காரன் அடிச்ச ஹாரன்ல கணவாயே அதிருது. லூர்து பிரேக்க மிதிச்சுப்புட்டு மெதுவா என்னையப் பாத்தாரு.

"மாப்ள, வண்டிய நான் ஓட்டவா, நீங்க ஓட்டுறீகளா?"

அதுக்கப்பறம் தூத்துக்குடி வரைக்கும் காலு ரெண்டையும் சேத்துப் புடிச்சுக்கிட்டு வந்தேன். சொகுசு!

சுரூபம் அழகுன்னா அப்புடி அழகு. என் ஒசரம் இருக்கும். கையில கொழந்த ஏசு, அதுக்குக் குட்டிக் குட்டி வெரலு. செஞ்சவரு வண்டியில வைக்கோலப் பரப்பி, படுக்க வச்சுக் கட்டுனாரு.

"குலுங்குச்சுன்னா மொதல்ல கொழந்த வெரலுதான் ஒடையும். பின்னாடி ஒருத்தர் கூடவே இருங்க," ன்னாரு.

"நான் இருக்கேன்!" னு மொத ஆளாக் கையத் தூக்குனேன்.

சித்தப்பா என்னைய ஏற எறங்கப் பாத்தாரு. "நீயாடா?"

எனக்குக் காத்து மெத்தை ஞாபகம். அது கூட வந்த பம்பு எந்த ஓட்டையிலயும் சேரல. வாயிலயே ஊதுனேன். பாதி மெத்தை ஏறுறதுக்குள்ள எனக்குக் கண்ணு இருட்டிக்கிட்டு வந்துருச்சு. "அண்ணே, ஒக்காருங்க, தண்ணி குடிங்க"ன்னு சுரூபம் செஞ்ச மனுசன் பதறுறாரு. விடல. ஊதி முடிச்சு, சுரூபத்துக்குப் பக்கத்துல விரிச்சு, கழுத்துத் தலகாணியோட படுத்தேன். மேல தார்ப்பாய்.

மதுரை வரைக்கும் சொல்லக்கூடாது, சொர்க்கம். உசிலம்பட்டியில டீக்கு நிறுத்துனப்ப நானே வாயக் குடுத்தேன்.

"மச்சான், தார்ப்பாயக் கழட்டிருங்க. வெயிலு எறங்கிருச்சு, காத்து வரட்டும்."

"காத்து இப்ப ஒரு மாதிரி இருக்கும் மாப்ள."

"வரட்டும் மச்சான்!"

வந்துச்சு.

கணவாய் ஏறும்போது ஸ்டெல்லா போன் பண்ணுனா. எடுக்குறதுக்காக எந்திரிச்சு உக்காந்தேன். என் கனம் நகந்ததுதான் தாமதம், மெத்தை தலமாட்டுல இருந்து கெளம்பி, மொகத்துல ஒன்னு அறஞ்சு, என்னைய வைக்கோல்ல உருட்டி விட்டுட்டு நட்டமா நின்னுச்சு.

"என்னங்க சத்தம்?"

"மெத்தை போகுதுடி!"

"எங்க போகுது?"

"மேல!"

மெத்தையும் போச்சு, பாதி வைக்கோலும் அது கூடவே போச்சு. ரோட்டோரம் மேஞ்சுக்கிட்டிருந்த ஆட்டு மந்தைக்கு நேரா எறங்கி, உடமரத்து முள்ளுல விழுந்து டமார்னு வெடிச்சுச்சு. ஆடெல்லாம் தெறிச்சு ரோட்டுக்கு வந்துருச்சு. பஸ்ஸு நிக்குது, காரு நிக்குது, லூர்தும் ஓரங்கட்டிட்டாரு.

ஆடு மேய்க்கிற அம்மா கம்போட வந்துச்சு.

"ஏலே எடுபட்ட பயலே! என்னத்தடா மேல இருந்து போட்ட?"

"மெத்தை ஆத்தா."

"நான் கேட்டனாடா மெத்தை? எறங்குடா! ஆட்டப் பூரா ஒதுக்கிக் குடுத்துட்டுப் போ!"

எறங்குனேன். கழுத்துல தலகாணியோட முள்ளுக்காட்டுல ஓடுறேன். நான் கிட்டப் போகப் போக ஆடு தூரமா ஓடுது. பஸ்ஸுல இருந்து ஒருத்தன் வீடியோ எடுக்குறான்.

"கழுத்துல என்னடா அது, நொகத்தடியா?" ங்குது அந்தம்மா. எனக்கு மூச்சு வாங்கி, வேட்டி கிழிஞ்சு, முழங்கால்ல ரத்தம் வந்தப்பறம், உதட்டச் சுழிச்சு ஒரு சத்தம் குடுத்துச்சு. அம்புட்டு ஆடும் திரும்பி வந்துருச்சு.

"ஏத்தா, இத மொதல்லயே செஞ்சிருக்கலாமே?"

"நீ ஓடணும்ல!"

வண்டிக்கு வந்தா, சித்தப்பா பின்னாடி ஏறி, வேர்த்து விறுவிறுத்து நிக்கிறாரு. சுரூபம் வெறும் தகரத்துல கெடக்கு. நல்லவேளை, வெரலு எல்லாம் இருந்துச்சு. எங்க சித்தப்பா கண்ணுல தண்ணிய அன்னைக்குத்தான் பாத்தேன்.

"இன்னும் ஊரு வர்ற வரைக்கும் எத்தன குலுக்கல் இருக்கு? நாளைக்குக் கொடியேத்தம்டா. தெருவுக்கு நான் என்னடா பதில் சொல்லுவேன்?"

அதுவரைக்கும் என் முதுகத் தவிர வேற எதையும் நான் நெனக்கல. ஜெல் குஷன எடுத்து சுரூபத்தோட இடுப்புக்குக் குடுத்தேன். கழுத்துத் தலகாணியக் கழட்டி அந்தோணியார் கழுத்துல மாட்டுனேன். துண்டு, சட்டை, லூர்து வச்சிருந்த சாக்கு, எல்லாத்தையும் அண்டக் குடுத்தோம். நான் வெறும் தகரத்துல உக்காந்து, கொழந்தையோட கையப் பொத்திக்கிட்டு, சுரூபத்தக் கட்டிப் புடிச்சுக்கிட்டேன்.

போகும்போது வேகத்தடை ஒவ்வொன்னும் மண்டையில இடிச்சுச்சு. வரும்போது எங்கன இடிச்சுச்சுன்னு எழுத மாட்டேன். பொம்பளப் புள்ளைகளும் இதப் படிக்கிறாக.

ஊருக்குள்ள வந்தா மேளம், வெடி, தெருவே நிக்கிது. சட்டையில்லாம, வைக்கோலும் முள்ளுமா நான். பக்கத்துல நீலக் கலர் தலகாணி போட்டுக்கிட்டு அந்தோணியார். சர்ச்சுல இருந்து வந்த பங்குச்சாமி வெரல ஒன்னொன்னாத் தொட்டுப் பாத்தாரு.

"சேதாரம் எதுவும் இல்லையே?"

"சுரூபத்துக்கு இல்ல சாமி," ன்னாரு சித்தப்பா.

ஸ்டெல்லா தலகாணியவும் என்னையவும் மாறி மாறிப் பாத்தா. அப்பறம் வாயப் பொத்திக்கிட்டுச் சிரிச்சா. அதுதான் ரொம்ப வலிச்சுச்சு.

மறுநாள் கொடியேத்தத் திருப்பலி முழுக்க நான் நின்னுக்கிட்டே இருந்தேன். "அமலுக்கு என்னா பக்தி பாருங்க"ன்னு தெருவுல பேசிக்கிறாக.

பக்தியெல்லாம் இல்லைங்க, உக்கார முடியல.