இஞ்ச் குறி போடாதீர்

தைத்து முடித்த கோட்டின் தையலைப் பிரித்துக்கொண்டிருப்பவள் தையல்கடைக்காரி. பக்கத்தில் கணினித் திரையின் ஓரத்தில் சீட்டு ஒட்டிக்கொண்டிருப்பவர் அவள் கணவர். நாம் பார்க்க வந்தது இவரைத்தான். தன் நிரலைத் திருத்துவதைவிட மனிதகுலத்தைத் திருத்துவது சுலபம் என்று நம்பும் இனம். எல்லா அலுவலகத்திலும் ஒருவர் உண்டு. அவளுக்குப் புருஷனாகவே வாய்த்துவிட்டார்.

வாடிக்கையாளர்களின் அளவுகளைச் சேமிக்கும் மென்பொருள் அவர் எழுதிக் கொடுத்தது. தரவுத்தளத்துக்குப் போகும் கட்டளையைச் சொந்தக் கையால் ஒட்டுவார்: பாதிக் கட்டளை, ஒரு மேற்கோள் குறி, மனைவி தட்டியது, இன்னொரு மேற்கோள் குறி, மீதிக் கட்டளை. அவள் தட்டியது கட்டளையைக் குழப்பினால்? சீட்டு. 'மேற்கோள் போடாதீர்.' 'பெட்டியைக் காலியாக விடாதீர்.' திரையில் கண்ணுக்குத் தெரியும் இடம் உள்ளங்கை அளவுதான் மிச்சம்.

இந்த முறை இஞ்ச் குறி. தையல்காரி முப்பத்திரண்டு இஞ்சை வேறு எப்படி எழுதுவாள்? எண்ணைப் போட்டு மேலே இரண்டு கோடு. அந்தக் கோடுகளைப் பார்த்து மேற்கோள் முடிந்தது என்று நினைத்துத் தரவுத்தளம் ஒவ்வொரு பதிவையும் ஏற்காமல் தள்ளிவிட்டது. திரை மட்டும் பச்சை எழுத்தில் 'சேமிக்கப்பட்டது' என்றது. என்ன நடந்தாலும் அப்படிச் சொல்லத்தான் அவர் அதைப் பழக்கியிருந்தார். ஒரு ஹோட்டலின் நாற்பது ஊழியர்களுக்கு எடுத்த அளவு போச்சு. வெள்ளிக்கிழமைக்குள் சீருடை போய்ச் சேராவிட்டால் ஹோட்டலும் போச்சு. ஞாபகத்தை நம்பித் தைத்த முதல் கோட்டுக்குள் வரவேற்பாளரின் கை நுழையவில்லை.

நிரல் எழுதும் வேலையில் இருக்கும் மச்சினி சொல்லிப் பார்த்தாள்.

"மாமா, சின்னதா ஒரு ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி இருக்கு, ஏற்கெனவே எழுதி வச்ச ரெடிமேட் நிரல். கட்டளைல அளவு வர்ற இடத்துல வெறும் கேள்விக்குறி வைக்கும். அக்கா தட்டுறது தனியா போகும். அவ என்ன குறி போட்டாலும் கட்டளைய தொடவே தொடாது."

"அடுத்தவன் எழுதினத எப்படிம்மா நம்புறது?"

"நீங்க எழுதினத நம்பித்தான் அக்கா உக்காந்து பிரிச்சிட்டிருக்கா."

அவர் கட்டைவிரலால் சீட்டை இன்னொரு தடவை அழுத்திவிட்டார். "இஞ்ச்னு எழுத்துல அடிக்கச் சொல்லு. அதுல என்ன கஷ்டம்?"

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். முடித்ததும், உங்கள் வீட்டில் சரியாக மூடாத அலமாரிக் கதவின் மேல் 'மெதுவாகத் திறக்கவும்' என்று ஒட்டியிருக்கிறதே, அது யார் கையெழுத்து என்று மட்டும் பார்த்துவிடுங்கள்.

தையல்கடைக்காரி கோட்டிலிருந்து பிரித்த கைத்துணியைக் கீழே வைத்தாள். டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, ஒரு நோட்டையும் பென்சிலையும் எடுத்தாள்.

"ஹோட்டலுக்கா? நோட்டுல எழுதினா அப்புறம் எப்படித் தேடுவ?" என்றார் கணவர்.

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனாள்.