உடைக்க முடியாது என்பதற்கான நிரூபணம்

மகளின் பிறந்தநாளும் தவறு என்றது மடிக்கணினி. சற்று நேரம் கழித்து முயல வேண்டுமாம். கணக்கு டீச்சருக்கு மூடியை அறைந்து சாத்தத் தோன்றியது. அதன் மேல் கணவர் சுடச்சுடத் தம்ளரை வைத்து உண்டாக்கிய வட்டத் தழும்பைப் பார்த்ததும் கை மெதுவாகிவிட்டது.

அவர் போய்ச் சில மாதங்கள் ஆகியிருந்தன. மகள் சிறுமியாக இருந்தபோது படுக்கையில் அவளுக்குக் கதை படித்துக் காட்டியதையெல்லாம் பதிவு செய்து அந்தக் கணினிப் பெட்டிக்குள் சேர்த்து வைத்திருந்தார். அவர் குரல் வேறெங்கும் இல்லை.

முதலில் மாப்பிள்ளை உதவிக்கு வந்தார். அவர் கொஞ்ச நேரம் தட்டியதில் விசைப்பலகை பெயர் தெரியாத ஏதோ மொழிக்குப் போய்விட்டது. "ஒண்ணு மட்டும் நிச்சயம் அத்தை, இனிமே திருடனாலயும் திறக்க முடியாது" என்று எழுந்துகொண்டார்.

பழுது பார்க்கும் கடைக்காரர் அதைச் சரிசெய்து கொடுத்தார். பூட்டைப் பற்றிக் கேட்டதும் திறந்துவிடலாம் என்றார்; ஆனால் உள்ளே எதுவும் மிஞ்சாது என்றார்.

"சாவி தொலைஞ்சுதுன்னு வந்தா, வீட்டை இடிச்சுத் தர்றேங்கிறீங்க" என்று டீச்சர் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டார்.

அன்றே பல்கலைக்கழகத்தில் மாலை நேர முதுகலை வகுப்புக்குப் பெயர் கொடுத்தார். பாடம், தகவல்களைப் பூட்டிவைக்கும் கணக்கான கோட்பாட்டுக் குறியாக்கவியல். மகள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"இந்த வயசுல உனக்கு எதுக்கும்மா இது?"

"பூட்டைப் பத்திப் படிச்சா சாவி வராமலா போகும்? பார்த்துடறேன்."

வகுப்பறையில் ஒரு கணினிகூட இல்லை. சுண்ணக்கட்டிதான். பேராசிரியர் கரும்பலகையோடுதான் பேசினார். முதுகுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்பது அவருக்கு ஒரு பொருட்டில்லை. திறக்கும் முறையை எப்போது நடத்துவீர்கள் என்று டீச்சர் கேட்டதற்கும் பலகைதான் பதில் பெற்றது.

"திறக்கிறதெல்லாம் இங்க இல்லைங்க. திறக்கவே முடியாதுன்னு நிரூபிக்கிறதுதான் இந்தப் பாடம்."

வேறு யாராக இருந்தாலும் வீட்டுக்குப் போயிருப்பார்கள். டீச்சர் பென்சிலைச் சீவிக்கொண்டார். முடியாது என்பதை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்தால் எங்காவது ஓட்டை தென்படும்.

தென்படவும் செய்தது. போடுவதற்கு எளிதாகவும் விடையிலிருந்து பின்னோக்கிப் போவதற்கு அரிதாகவும் ஒரு கணக்கு இருப்பதாக வைத்துக்கொண்டுதான் எல்லா நிரூபணங்களும் நின்றன. அப்படி ஒன்று உண்டென்று இதுவரை யாரும் நிரூபிக்கவில்லை.

"இவ்வளவு பெரிய மாளிகைக்கு அஸ்திவாரம் 'வச்சுக்குவோம்'தானா சார்?"

பேராசிரியர் முதல் முறையாகத் திரும்பிப் பார்த்தார். மகிழ்ந்துபோய், மற்றவர்களுக்குக் கொடுத்ததைப் போல இரண்டு மடங்கு வீட்டுப்பாடம் கொடுத்தார். டீச்சர் வீட்டில் அடுப்பில் வைத்ததெல்லாம் கரிந்தது. பூட்டோ அசையவில்லை.

பிறகு ஒரு பாடம் வந்தது: ரகசியத்தைச் சொல்லாமலே, அது தனக்குத் தெரியும் என்று எதிராளியை நம்பவைப்பது. இளையவர்கள் விழித்தார்கள். டீச்சருக்குக் கற்பூரம் போலப் பற்றிக்கொண்டது. கணவரின் கடைசி வருடம் முழுக்க வீட்டில் நடந்தது அதுதான்.

சாப்பிடக் கூப்பிட்டாலும் திரையிலிருந்து கண்ணை எடுக்காத கணவர் மேல் கோபம் வந்து, ஒருநாள் டீச்சரே அந்தப் பெட்டியைப் பூட்டினார். 'பிடிவாதக்காரர்' என்று கடவுச்சொல் வைத்தார். வந்து கேட்பார் என்று காத்திருந்தார். கேட்கவில்லை. மறுநாள் எதிர்ப்பக்கமிருந்து பார்த்தால் மனிதர் அதன் முன் உட்கார்ந்து நிம்மதியாகத் தட்டிக்கொண்டிருந்தார். தன் பூட்டை உடைத்து அவர் பூட்டைப் போட்டுக்கொண்டார் என்று டீச்சர் முடிவு கட்டினார். இவரும் கேட்கவில்லை. கேட்டால் தோற்றதாகிவிடும். அதற்குப் பிறகு மாலை நடைக்குக்கூட அவர் பெட்டியைப் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு போனார். அப்படி என்ன ரகசியம் என்பதும் டீச்சரை அரித்துக்கொண்டுதான் இருந்தது.

தேர்வு வந்தது. சாவி இல்லாமல் பூட்டைத் திறக்க முடியாது என்று நிரூபிக்கச் சொன்னது கடைசிக் கேள்வி. டீச்சருக்கு அது தண்ணீர் பட்ட பாடு. ஒரு வரிகூடப் பிசகாமல் எழுதினார். ஒவ்வொரு வரியிலும் கணவரின் குரல் இன்னும் கொஞ்சம் உள்ளே போனது.

வெளியே வந்து தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்து, பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். வகுப்புப் பக்கமே தலைகாட்டாமல் தேர்வுக்கு மட்டும் வரும் ஒருவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். போன வருடம் தோற்றவன். எல்லாரும் அவனைப் 'பழைய பாக்கி' என்பார்கள். அடுத்து என்ன செய்யப் போகிறீர்கள் என்று பேச்சுக் கொடுத்தான்.

"இதுக்கு மேல ஒரு கோர்ஸ் இருக்காமே. அதுலயும் சேரப் போறேன். இதைத் திறக்காம விடறதா இல்ல."

அவன் மூடியிலிருந்த வட்டத் தழும்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"போன வருஷம் என் பக்கத்துல ஒரு பெரியவர் உக்காருவார் ஆன்ட்டி, பாதியில வராமப் போயிட்டார். இதே பெட்டியைத்தான் கொண்டுவருவார். அவர் வீட்டம்மா கோபத்துல பூட்டிட்டாங்களாம், கடைசி வரைக்கும் அவரால திறக்க முடியல. அவங்ககிட்டயே கேட்டுடலாமே சார்னேன். 'அவகிட்ட கேக்கிறதுக்கு இந்தப் படிப்பு சுலபம் தம்பி'ன்னுட்டார்."