பந்தக்காலுக்குத் தோண்டிய குழி

சொந்த வீடு கட்டியவர்கள் எல்லோரும் குறைந்தது ஒரு பொய்யாவது சொல்லியிருப்பார்கள். சிலர் சதுர அடியைக் கூட்டிச் சொல்வார்கள். சிலர், மேஸ்திரி தங்கமான மனுஷன் என்பார்கள். நான் செப்டிக் டேங்க் விஷயத்தில் பொய் சொன்னேன். அது ஒன்பது வருஷம் மண்ணுக்கடியில் பத்திரமாக இருந்தது. என் தங்கை ஹேமாவின் கல்யாணத்துக்குப் பந்தக்கால் நடுகிற அன்று காலை, மாப்பிள்ளையின் அப்பா பார்த்துக்கொண்டிருக்கும்போது வெளியே வந்தது. வாசனையோடு வந்தது.

எங்கள் வீடு சந்தாபுராவில், பாதாளச் சாக்கடை இன்னும் வந்து சேராத ஒரு லேஅவுட்டில் இருக்கிறது. அங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு செப்டிக் டேங்க் உண்டு. வாஸ்துப்படி டேங்க் வடமேற்கில், வாயு மூலையில் வரவேண்டும். வடகிழக்கு, அதாவது ஈசானிய மூலை, சாமிக்கு உரியது. அங்கே செருப்பு விடுவதற்கே அம்மா ஒப்புக்கொள்ள மாட்டாள்.

வாயு மூலையில் தோண்டினால் மூன்றாவது அடியில் பாறை. அப்போது அப்பாவும் அம்மாவும் கோலார் தங்க வயலில் இருந்தார்கள். வீடு கட்டுவதை மேற்பார்வை பார்த்தது நான்தான் (மேற்பார்வை என்றால் பீன்யாவில் கம்பெனியில் நின்றுகொண்டு போனில் "சரி சரி" என்பது). மேஸ்திரி கூப்பிட்டார். "மேடம், வெடி வெச்சு ஒடைக்கணும். இல்லேன்னா அந்தாண்ட மூலைல போட்டுடலாம், அங்க மண்ணு நல்லா இருக்குது." நான் கையில் காலிப்பர் வைத்துக்கொண்டு ஒரு போல்ட்டின் தடிமனை மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு வரை அளந்துகொண்டிருந்தேன். "போட்டுடுங்க" என்றேன். எந்த மூலை என்று கேட்கத் தோன்றவில்லை. தரக்கட்டுப்பாடு பார்க்கிறவள் நான்.

போய்ப் பார்த்தால், சாட்சாத் ஈசானியத்தில் டேங்க். மூடியாகப் பெரிய பெரிய பலகைக் கல் போட்டு, சந்துகளில் சிமெண்ட் பூசி முடித்திருந்தார்கள். அந்த வாரம்தான் அம்மா ஊரிலிருந்து வருகிறாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? கல்லின் மேல் இரண்டடிக்கு மண்ணைக் கொட்டிச் செடி வைத்தேன். வாயு மூலையில், பாறையின் மேல், ஒரு சிமெண்ட் மூடியை வாங்கிப் பதித்தேன். அதற்குக் கீழே ஒன்றுமே கிடையாது. சும்மா மூடி.

"வாயு மூலைல தானடி போட்டிருக்காங்க?" என்றாள் அம்மா.

"ஆமாம்மா. அதோ மூடி."

மூன்று வருஷத்துக்கு ஒருமுறை லாரி வரவழைத்து டேங்க்கைக் காலி செய்யச் சொல்லியிருந்தார் மேஸ்திரி. லாரி வந்தால் குழாயை எங்கே விடுவார்கள்? ஈசானியத்தில். அதனால் லாரியைக் கூப்பிடவில்லை. மூன்று வருஷம் ஆயிற்று, ஆறு ஆயிற்று. ஆன்லைனில் ஒரு பவுடர் விற்றார்கள். கிருமிகளே எல்லாவற்றையும் தின்று தீர்த்துவிடும் என்று போட்டிருந்தது. மாதாமாதம் ஒரு பாக்கெட் கொட்டினேன். பாத்ரூமில் தண்ணீர் இறங்காமல் கொடகொடவென்று சத்தம் வந்தபோது, "காத்து அடைச்சிருக்கும்மா" என்று அம்மாவிடம் விளக்கம் வேறு கொடுத்தேன்.

அப்புறம் ஹேமாவுக்கு வரன் வந்தது. மாப்பிள்ளை ரகு தங்கமான பையன். ஹேமாவுக்கு அவனை ரொம்பப் பிடித்துவிட்டது. அவன் அப்பா நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், ஒக்கலிபுரத்துக்காரர். வாஸ்து என்றால் உயிர். இதற்கு முன் வந்த ஒரு சம்பந்தத்தை, பெண் வீட்டுச் சமையலறை இருந்த திசை சரியில்லை என்றே தட்டிக்கழித்தவர். எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தவர் ஹேமாவைப் பார்க்கும் முன் போனில் காம்பஸைத் திறந்து வீட்டைச் சுற்றி வந்தார். ஈசானிய மூலையில் நின்றார். அங்கே சாமந்தி ஆளுயரத்துக்குப் பூத்துக் குலுங்கியது (பூக்காமல் என்ன செய்யும்).

"இந்த மூலை ஒண்ணு போதும்மா," என்றார் அம்மாவிடம். "இப்படி ஒரு ஈசானியத்த நான் எங்கயும் பாத்ததில்ல. பந்தக்கால இங்கதான் நடணும். நானே நேர்ல வரேன்."

அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. நான் சாமந்திக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன்.

பந்தக்காலுக்கு முந்தின நாள் வரை அம்மாவிடம் மன்றாடினேன். "அபார்ட்மெண்ட்ல எல்லாம் பக்கெட்ல மணல் போட்டு அதுலதாம்மா நடறாங்க. நீட்டா இருக்கும்."

"சொந்த வீட்டக் கட்டிட்டு எம்பொண்ணு பந்தக்கால பக்கெட்ல நடுவனா நானு? உனுக்கு என்னடி ஆச்சு?"

மேலே இரண்டடி மண் இருக்கிறதே, ஒன்றரை அடி தோண்டினால் தப்பித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். மழை ஒன்பது வருஷமாக அந்த மண்ணைக் கரைத்துக்கொண்டிருந்ததை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை. மஞ்சள் பூசி, மாவிலை கட்டிய கால் சுவரில் சாய்ந்து நிற்கிறது. ஹேமா புதுப் புடவையில் நிற்கிறாள். சம்பந்தி கையில் நவதானியம். அம்மா தாம்பாளத்தில் கற்பூரத்தை ஏற்றிவிட்டாள். அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடப்பாரையைத் தூக்கினார். முப்பது வருஷம் சுரங்கத்துக்குள் வேலை செய்தவர். குழி தோண்டுவதை இன்னொருவர் கையில் கொடுப்பாரா?

நாலு குத்து குத்தியதும் நிறுத்தினார். கடப்பாரையால் மெல்லத் தட்டினார். தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"கீழ வெத்தா இருக்குதே."

"பாறைப்பா," என்றேன். "போதும்ப்பா, இவ்ளோ ஆழம் போதும்."

"பாறை எப்டி சத்தம் குடுக்கும்னு எனுக்கே சொல்றியா நீ? இது வெத்துச் சத்தம்." மனுஷனுக்கு ரோஷம் வந்துவிட்டது. இரண்டு கையாலும் ஓங்கி ஒரு குத்து.

கடப்பாரை கல்சந்தில் இறங்கியது. இறங்கிக்கொண்டே போனது. அப்பாவின் கையை விட்டு வழுக்கி முழுசாக உள்ளே போய்விட்டது. கூடவே பலகைக் கல்லின் ஒரு மூலை உடைந்து விழுந்தது. கீழேயிருந்து 'தொளக்' என்று ஒரு சத்தம். ஒன்பது வருஷத்து நாற்றம் நிதானமாக எழுந்து வந்து எல்லோர் முகத்திலும் அறைந்தது.

அடுத்து அப்பா செய்ததுதான் எங்களை உறைய வைத்தது. தோளில் இருந்த ஈரத் துண்டை எடுத்து, அம்மா கையிலிருந்த தாம்பாளத்தின் மேல் போட்டு, எரிகிற கற்பூரத்தை அமுக்கி அணைத்தார்.

"கேஸு. எல்லாரும் பின்னால போங்க. யாரும் குனிஞ்சு பாக்காதீங்க."

அவர் செய்தது சரி என்று இப்போது தெரியும். அன்றைக்கு அம்மா கண்ணில் தெரிந்தது ஒன்றுதான்: கட்டின புருஷனே மகள் கல்யாணத்துக் கற்பூரத்தை அணைத்துவிட்டார். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சம்பந்தியின் விரல் இடுக்கில் நவதானியம் ஒழுகிக்கொண்டிருந்தது. ஹேமா என்னையே பார்த்தாள். "அக்கா," என்றாள், "இதுக்கும் உனக்கும் என்ன சம்பந்தம்?" கூடப் பிறந்தவள், என் முழி அவளுக்குத் தெரியாதா.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பாறை, மேஸ்திரி, போல்ட், பவுடர், ஒன்றையும் விடவில்லை. அம்மா கடைசி வரை கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அப்ப அந்த மூடி?"

"சும்மா மூடிம்மா."

"ஒம்போது வருஷமா அத மெறிக்கக் கூடாதுன்னு சுத்திக்கிட்டுப் போறேன்டி நானு."

சம்பந்தி ஒரு நாற்காலியைத் தள்ளி இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். அதுதான் பயமாக இருந்தது. திட்டினால் காலில் விழலாம், சும்மா உட்கார்ந்திருப்பவரை என்ன செய்வது. ஹேமாவின் உதடு துடிக்க ஆரம்பித்தது. என்னால் அவள் கல்யாணம் நின்றுபோனால் அப்புறம் நான் எந்த முகத்தோடு அந்த வீட்டில் சோறு தின்பேன்?

லாரிக்குப் போன் செய்தேன். முக்கால் மணியில் வந்தது. டிரைவர் கன்னடக்காரர், கையுறை மாட்டிக்கொண்டே பாதித் தமிழில் கேட்டார். "மேடம், லாஸ்ட் யாவாக எடுத்தது?"

"எடுக்கலை."

"அது சரி மேடம், அதுக்கு முன்னாடி எப்போ?"

"எடுக்கவே இல்லை. பவுடர் போட்டேன்."

அவர் தள்ளி நின்று டார்ச் அடித்துப் பார்த்தார். "பவுடரும் அப்டியே இருக்குது மேடம். மேல தோசைக்கல் மாதிரி கெட்டி ஆகிப்போச்சு. மூணு வர்ஷக்கு ஒந்து சல, ஒரு தடவை, எடுத்திருந்தா அரை மணி வேலை." கடப்பாரை என்று அப்பா வாயெடுத்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். "உள்ள யாரும் எறங்கக் கூடாது சார். கடப்பாரைய மறந்துடுங்க." தண்ணீரைப் பாய்ச்சிக் கரைத்துக் கரைத்துக் குழாயால் உறிஞ்சினார். இரண்டு நடை. தெருவே பால்கனியில் நின்றது.

அப்போதுதான் சம்பந்தி எழுந்தார். போனை எடுத்தார். காம்பஸ். நேராக லாரியிடம் போய், அந்த இரும்புத் தொட்டிக்கு ஒரு சாண் தள்ளி நின்றுகொண்டு போனை நீட்டினார். முள் ஒரு சுற்று சுற்றித் திரும்பி நின்றது.

"அட," என்றார். "நாந்தான் அன்னிக்குத் தப்பாப் பாத்திருக்கேன். இந்த எடம் வாயு மூலைதாம்மா. டேங்க் சரியாத்தான் இருக்குது."

இரும்பு பக்கத்தில் இருந்தால் முள் விலகும் என்று எனக்குத் தெரியும். பாவம் மனுஷன், இது கூடத் தெரியாமல் இருக்கிறாரே என்று நினைத்தேன். வாயைத் திறக்கவில்லை. ஒரு பொய்யால் பட்டது போதும் என்று இருந்தவள், இன்னொரு பொய்யைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அம்மா எழுந்து புதுக் கற்பூரம் ஏற்றினாள். வாசலுக்கு அந்தப் பக்கம், வெகு தள்ளி. பந்தக்காலைப் பக்கெட்டில்தான் நட்டோம்.

இப்போது மூன்று வருஷத்துக்கு ஒருமுறை தவறாமல் லாரி வருகிறது. உண்மை மூடிக்கு அப்பா சிவப்புப் பெயிண்ட் அடித்து வைத்திருக்கிறார். நான் எதற்காவது "ஆமாம்மா" என்றால் போதும், "நெஜ மூடியா, சும்மா மூடியா?" என்று அம்மா கேட்பாள். ஹேமாவின் ஐந்து வயதுப் பெண்ணும் இப்போது கேட்கிறாள்.

போன தடவை லாரி வந்தபோது ரகு இருந்தான். நான் சிரித்துக்கொண்டே, உங்க அப்பா அன்றைக்கு லாரிப் பக்கத்தில் காம்பஸ் பிடித்தாரே, பாவம், என்றேன். ரகு என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

"முப்பத்தஞ்சு வருஷம் சர்வேயரா இருந்தவரு அண்ணி அவரு. நெலம் அளக்குற இரும்புச் சங்கிலியக் கையில வெச்சுக்கிட்டு நான் காம்பஸத் தொட்டதுக்கு, சின்ன வயசுல என்னை அடிச்சிருக்காரு."