வெப்சைட்டுக்கு ஆயுதபூஜை

ஓசூர் சிப்காட்டில் ஆயுதபூஜைக்கு லேத்துக்கும் லாரிக்கும் பொட்டு வைப்பது வழக்கம். இந்த வருஷம் வெப்சைட்டுக்கும் வைத்தார்கள். வைக்கச் சொன்னவர் 'தேடல் சித்தர்' மோகன்குமார். தூசி படிந்த பழைய பக்கங்களுக்கு உயிர் கொடுத்து, கூகுளில் முதலிடத்தில் உட்காரவைப்பாராம். பட்டறை முதலாளிகள் லேப்டாப்பைக் கைக்குழந்தை போல இடுக்கிக்கொண்டு வரிசையில் நின்றார்கள்.

ஸ்பிரிங் பட்டறை வைத்திருக்கும் கிருஷ்ணப்பனும் நின்றார். மூன்று மாதமாகப் புது ஆர்டர் ஒன்றுகூட இல்லை. தீபாவளிக்குள் வராவிட்டால் ஒரு மெஷினை விற்று, அதை ஓட்டும் இருவரையும் வீட்டுக்கு அனுப்பியாக வேண்டும். அந்தக் கவலையில் இருக்கும் மனிதனுக்கு எலுமிச்சம்பழம்கூட சாப்ட்வேராகத்தான் தெரியும்.

சித்தர் திரையில் சந்தனம் தடவினார். எழுத்து மறைந்துபோனது, அதனாலென்ன, அவருக்குத்தான் ஞானக்கண் உண்டே. நேரம் பார்த்து நாலு தட்டுத் தட்டினார். பிறகு கிருஷ்ணப்பனின் போனை வாங்கி, கம்பெனிப் பெயரை முழுசாக அடித்தார். முதல் வரியிலேயே கம்பெனி. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

கிருஷ்ணப்பனுக்குக் கண் கலங்கியது. அவர் பட்டறையில் அளவு சரிபார்க்கும் எஸ்லினுக்குக் கலங்கவில்லை. மைக்ரோமீட்டர் வைத்துப் பார்க்காமல் ஒரு ஸ்பிரிங்கையும் வெளியே விடாத பெண் அவள்.

"சாமி, எங்க பேரு தெரிஞ்சவன் எங்களை எதுக்குங்க தேடறான்? தெரியாதவன் என்ன அடிப்பானோ, அதை அடிச்சுக் காட்டுங்க."

சித்தர் கிரக நிலை பற்றி ஏதோ சொன்னார். எஸ்லின் காத்திருக்கவில்லை. டீ கொண்டுவந்த மாரிமுத்துவின் போனை வாங்கி, ஓசூரில் வால்வு ஸ்பிரிங் செய்பவர்கள் யார் என்று தேடினாள். முதல் பக்கத்தில் இல்லை. ஐந்தாவதிலும் இல்லை. வரிசையில் நின்றவர்களும் அவரவர் சரக்கைச் சொல்லித் தேடிப் பார்த்தார்கள். ஒருத்தர் கம்பெனியும் தென்படவில்லை.

கிருஷ்ணப்பனின் பக்கத்தையே திறந்தாள். சித்தர் மாற்றியிருந்தது ஒன்றே ஒன்று: அடியில் இருந்த தேதி. மேலே, பட்டறை எப்போதோ நிறுத்திவிட்ட ஸ்கூட்டர் சீட் ஸ்பிரிங் இன்னும் விற்பனையில் இருந்தது. இப்போது செய்கிற வால்வு ஸ்பிரிங் பற்றி ஒரு வரி கிடையாது.

"ஊசிப்போன சாம்பார் மேல கொத்தமல்லி தூவியிருக்காருண்ணா," என்றாள்.

கூட்டம் திரும்பிப் பார்ப்பதற்குள் சித்தர் ராகுகாலம் என்றுகூடப் பாராமல் பைக்கில் அத்திப்பள்ளிப் பக்கம் பறந்துவிட்டார்.

கிருஷ்ணப்பனும் எஸ்லினும் உட்கார்ந்து, என்ன செய்கிறோம், எந்த அளவில், எத்தனை நாளில் தருவோம் என்று உள்ளதை எழுதினார்கள். தீபாவளிக்கு நாலு நாள் முன்னால் கோயம்புத்தூர் பம்ப் கம்பெனி ஒன்று கூப்பிட்டது. மெஷின் தப்பியது, அதை ஓட்டும் இரண்டு பேரும் தப்பினார்கள்.

சேதி பரவியதும் பழைய வரிசை அப்படியே எஸ்லின் முன்னால் வந்து நின்றது. பக்கத்தைத் திருத்தி எழுத எந்த நாள் உத்தமம் என்று பவ்யமாகக் கேட்டது.

"மூளையைத் தொறக்கற எந்த நாளும் நல்ல நாள்தாங்க," என்றாள் எஸ்லின். "உங்களுக்கு அது எப்ப வருதுன்னுதான் தெரியல."