அழுதால் பனி இடியும் என்றேன்

'தெரியாது' என்று சொல்ல நாக்கு வளையாத ஆள் எல்லா ஊரிலும் ஒருவர் இருப்பார். பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் அந்தப் பதவி என்னிடம் இருந்தது. கடையில் மரக்கறி நிறுத்துக்கொண்டே விசா, வீட்டு வாடகை, நீரிழிவு என்று கேட்டவர்களுக்கெல்லாம் விளக்கம் சொல்வேன். (கேட்காதவர்களுக்கும் சொல்வேன்.) பனிச்சரிவைப் பற்றியும் எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. முழுக்கப் படம் பார்த்து வந்த ஞானம்.

அக்காவின் கணவர், என் அத்தான், பிரனே மலையில் ஒரு ஹோட்டலில் சமையல் வேலை பார்த்தார். ஸ்பெயின் எல்லையோரம், ஒரே ஒரு பாதை மட்டும் போகிற ஒதுக்குப்புறமான பள்ளத்தாக்கு. ஒரு மாசி மாதம் வேலை முடிந்து குறுக்கு வழியால் இறங்கியபோது, மேலே கிடந்த பனி மொத்தமாகக் கழன்று வந்து அவரை மூடிவிட்டது. சூப்பில் உப்புக் கூடினாலே இரண்டு நாள் வருந்துகிற மனிதர்.

அக்கா சரியாக அழவேயில்லை. தகனம் செய்த இடத்தில் எங்களுக்குத் தந்த நேரம் முடிந்து, அடுத்த குடும்பம் வாசலில் காத்து நின்றது. பாரிஸ் புறநகர் செவ்ரானில் அவளுடைய அடுக்குமாடி வீட்டில் அழத் தொடங்கினால், தன் குழந்தை தூங்குகிறது என்று பக்கத்து வீட்டுக்காரி வந்து மணி அடித்தாள். முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்ததும் அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். அவர் போன இடத்தில் ஒருமுறை வாய்விட்டு அழ வேண்டும்.

கூட்டிப்போகும் பொறுப்பு என்னுடையது. சோறு, அத்தானுக்குப் பிடித்த கணவாய்க் கறி, தேங்காய், கற்பூரம் எல்லாம் கட்டிக்கொண்டு போனோம். ஹோட்டல் முதலாளி யன்னலால் கைகாட்டிய சரிவின் அடிக்கு நடந்தோம். குறுக்கே ஒரு கயிறு கட்டியிருந்தது. அது பனிச்சறுக்கு ஆட்களுக்கானது என்று அக்காவுக்கு விளக்கி, கயிற்றைத் தூக்கிப் பிடித்து அவளை உள்ளே விட்டேன்.

படையலை வைத்த பிறகுதான் என் அறிவு விழித்துக்கொண்டது. சத்தம் கேட்டால் பனி விழுமே! தேங்காயை உடைக்காமல் முழுதாகவே வைத்தேன். தேவாரத்தை ரகசியம் சொல்வதுபோல் பாடினேன். (கிசுகிசுப்பில் தேவாரம் பாடிய முதல் சைவன் நானாகத்தான் இருப்பேன்.) அக்கா "என்ரை ராசா" என்று தொடங்கினாள். நான் பாய்ந்து அவள் வாயைப் பொத்தினேன்.

"சத்தம் போடாதை அக்கா. பனி இடிஞ்சு விழும்."

அவள் என் கையை விலக்கினாள். "வீட்டிலை ஏலாது. எரிச்ச இடத்திலையும் ஏலாது. இஞ்சையும் ஏலாதெண்டால் நான் எங்கையடா அழுறது?"

"தெரியாது அக்கா" என்றேன். வாழ்நாளில் அதுதான் முதல் தடவை.

அப்போது சிவப்பு ஜாக்கெட் போட்ட மலைப் பாதுகாப்புக்காரி ஒருத்தி, கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று முழுத் தொண்டையில் எங்களைக் கூப்பிட்டாள். நான் தலையைக் கையால் மூடிக்கொண்டு குந்திவிட்டேன். ஒன்றும் விழவில்லை. வெளியே வந்ததும் பிரெஞ்சில் ஏச்சு விழுந்தது. காற்று மலைமுகட்டைத் தாண்டிப் பனியை அள்ளிவந்து இந்தப் பக்கம் குவித்திருக்கிறதாம். வெயில் ஏறினால் அது இளகும், ஒரு ஆள் மேலே நடந்தாலே போதுமாம். கழன்றால் வந்து சேருகிற இடம், நான் பார்த்துப் பார்த்துப் படையல் வைத்த அதே இடம். மனிதக் குரலுக்கெல்லாம் பனி இறங்காதாம்.

"என்னவாம்?" என்றாள் அக்கா.

மொழிபெயர்க்க வேண்டியவன் நானல்லவா. பாதியை விழுங்கிவிடலாமா என்றும் யோசித்தேன்.

"கத்தலாமாம் அக்கா. நாங்கள் நிண்ட இடத்திலைதான் நிக்கக்கூடாதாம்."

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு சிரித்தாள். அத்தான் போனபின் அவள் சிரித்தது அன்றுதான். அந்தச் சிரிப்பு பாதியிலேயே உடைந்து அழுகையானது. ஆபத்தில்லாத மரங்களின் பக்கம் நின்று, அந்தச் சரிவைப் பார்த்து, அடிவயிற்றிலிருந்து அழுதாள். பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்டிருக்கும். பாதுகாப்புக்காரி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். நானும் சத்தமாகவே அழுதேன். படையலை எடுக்கப் பாதுகாப்புக்காரி எங்களை விடவில்லை. கணவாய்க் கறி அத்தானுக்கே போய்ச் சேர்ந்தது.

இன்றும் பாரிஸுக்கு வெளியே திரான்சியில் எங்கள் ஆட்களின் கலியாண வீடோ பிறந்தநாளோ, நான் வாயைத் திறந்தால் யாராவது ஒருவர் "மெல்லக் கதை, பனி விழும்" என்பார். புதிதாக வந்தவர்கள் ஏனென்று கேட்டால் அக்காதான் கதை சொல்வாள். உடைக்காத தேங்காய், கிசுகிசுத் தேவாரம், நான் குந்தியிருந்த கோலம் என்று ஒன்றையும் விடமாட்டாள். கொஞ்சம் கூட்டியும் சொல்வாள். நான் மறுப்பதில்லை. அத்தானின் பெயர் அவள் வாயில் வருவது அந்தக் கதையில் மட்டும்தான்.